பழைய பெட்ரோல் புல்வெட்டி: சரி பண்ணலாமா, புதுசு வாங்கலாமா? ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

வணக்கம்ங்க. டேபிள் மேல இருக்கறது நைலான் நரம்பு போட்ட பெட்ரோல் புல்வெட்டி. டூ ஸ்ட்ரோக், 25 சி.சி. கயிற இழுத்து இழுத்து தோள்பட்டை வலிக்குதே தவிர, ஸ்டார்ட் ஆகல. இந்த மாதிரி மெஷின் வச்சிருக்கறவங்க முக்காவாசிப் பேரு செய்யற தப்பு என்னன்னா, நேரா போய், பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கற கார்பரேட்டர புதுசா வாங்கறது. அதுலயும் ஓடலன்னா பிளக், அப்புறம் ஸ்பார்க்குக்குக் கரண்ட் குடுக்கற காயில். எல்லாம் மாத்தி முடிச்சப்புறம்தான் போர் (பிஸ்டன் ஏறி இறங்கற சிலிண்டரோட உள்சுவர்) போயிருக்குன்னு தெரியும். வரிசை தலைகீழா இருக்கு. போர், பிஸ்டன் நல்லா இருக்கான்னு தெரியறதுக்கு முன்னாடி ஒரு சாமானும் வாங்காதீங்க.

முதல் சோதனைக்கு டூல்ஸே வேணாம். சுவிட்ச ஆஃப்ல வச்சுட்டு, ஸ்டார்டர் கயிறோட கைப்பிடிய மட்டும் பிடிச்சு மெஷினத் தூக்குங்க. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கற அழுத்தம், இருந்தா மெஷின் விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கி கீழ இறங்கும். கிணத்து வாளி மாதிரி சர்ருன்னு இறங்கிச்சுன்னா சந்தேகப்படுங்க. கயிறு இழுக்கறத லேசாக்கற ஈஸி ஸ்டார்ட் ஸ்பிரிங் வச்ச மாடல்ல இந்தச் சோதனை ஏமாத்தும், அத நம்பாதீங்க.

அடுத்தது சைலன்சர். பெரும்பாலும் ரெண்டு போல்ட்தான். கழட்டிட்டேன். கேமராவ கிட்ட கொண்டு வர்றேன், செல்போன் லைட்ட ஓட்டைக்குள்ள அடிச்சுப் பாருங்க. கயிற மெதுவா இழுக்கறேன்... பிஸ்டன் மேல வருது. பக்கவாட்டுல பளபளன்னு, மிஷின் போட்ட மெல்லிசான குறுக்குக் கோடு தெரியுதா? அதான் நல்ல பிஸ்டன். இதுவே மேலயிருந்து கீழ நெட்டுக்கு உப்புத்தாள் வச்சுத் தேய்ச்ச மாதிரி கீறல் இருந்தா பிஸ்டன் போர்ல உரசிப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

கீறல் எந்தப் பக்கம்ங்கறது காரணத்தையும் சொல்லிடும். சைலன்சர் பக்கம் மட்டும் இருந்தா, காத்து அதிகமாவும் பெட்ரோல் கம்மியாவும் போய் சூடாகியிருக்கு. சுத்தி எல்லாப் பக்கமும் இருந்தா ஆயில் கலக்காத பெட்ரோல் ஊத்தியிருக்காங்க. கார்பரேட்டர் பக்கம் மட்டும் மங்கலா தேஞ்சிருந்தா ஏர் ஃபில்டர் வழியா மண்ணு போயிருக்கு. பிஸ்டன் கீழ இறங்கும்போது அதச் சுத்தி இருக்கற ரிங் தெரியும், ஒரு மரக்குச்சியால லேசா அழுத்துங்க. உள்ள போய் திரும்ப வெளிய வரணும். வரலன்னா கார்பன்ல ஒட்டிக்கிட்டிருக்கு.

சைலன்சர் கையில இருக்கும்போதே, வெளிய போற வாய்ல இருக்கற சின்ன சல்லடையயும் பாருங்க. கார்பன் அடைச்சிருந்தா மெஷின் ஸ்டார்ட் ஆகும், ஆனா ரேஸ் ஏறாது. பித்தளை பிரஷ் போட்டுத் தேய்ச்சா தீர்ந்துச்சு. இந்தச் சல்லடைக்காகவே எத்தனையோ நல்ல மெஷின் காயலான் கடைக்குப் போயிருக்கும்!

இப்ப கம்ப்ரஷன் கேஜ். பிளக்க கழட்டிட்டு கேஜ் மாட்டுங்க, சோக்கத் திறங்க, ஆக்சிலரேட்டர முழுசா அழுத்திக்கிட்டே முள்ளு ஏறறது நிக்கற வரைக்கும் இழுங்க. ஆறேழு இழுப்பு ஆகும். காருக்கு விக்கற நீள ஹோஸ் கேஜ் இதுக்கு ஆகாது. போரே இத்தனூண்டு, ஹோஸ்குள்ள இருக்கற இடமும் சேர்ந்து ரீடிங்க குறைச்சுக் காட்டும். பிளக் ஓட்டையில மாட்டற முனையிலேயே வால்வு இருக்கற கேஜ் வேணும்.

கேஜ்ல அழுத்தம் 120 பி.எஸ்.ஐ.க்கு மேல இருந்தா தாராளமா செலவு பண்ணலாம். 90லருந்து 100 வரைக்கும் இழுபறி: காலையில ஸ்டார்ட் ஆகும், சூடானதும் நின்னு மக்கர் பண்ணும். 90க்குக் கீழன்னா பிளக் ஓட்டை வழியா அஞ்சாறு சொட்டு ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ரீடிங் நல்லா ஏறினா ரிங், போர் தேஞ்சிருக்கு. ஏறலன்னா பிளக் சீட், கீறல் விழுந்த போர்னு தேடணும். இதெல்லாம் டூ ஸ்ட்ரோக் கணக்கு, சின்ன ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் பொருந்தாது.

கம்ப்ரஷன் நல்லா இருக்குன்னு வச்சுக்குவோம். அப்ப மிச்சம் எல்லாமே சில்லறை வேலைதான். பத்து தடவ இழுத்துட்டு பிளக்கக் கழட்டிப் பாருங்க. ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, ஸ்பார்க் பக்கம் போங்க. காஞ்சிருந்தா பெட்ரோலே வரல.

ஸ்பார்க்குக்கு பிளக் இடைவெளி 0.6 – 0.7 மி.மீ. காயிலுக்கும், இன்ஜினோட சுத்தற சக்கரத்துல இருக்கற மேக்னட்டுக்கும் நடுவுல 0.3 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு. காயில மாத்தறதுக்கு முன்னாடி சுவிட்ச்லருந்து வர்ற ஒயரக் கழட்டிட்டு ஸ்பார்க் பாருங்க. வந்துச்சுன்னா காயில் நல்லாத்தான் இருக்கு, கோளாறு சுவிட்ச்லயோ ஒயர்லயோ. பெட்ரோல் சிந்தின இடத்துல மட்டும் இதச் செய்யாதீங்க.

பெட்ரோல் வரலன்னா முதல்ல டியூப். எத்தனால் கலந்த பெட்ரோல்ல ஊறி, சிலது பிளாஸ்டிக் மாதிரி விறைச்சுடும், சிலது பிசுபிசுன்னு ஆகிடும். டேங்க்குக்குள்ள நுழையற இடத்துலதான் வெடிப்பு விடும், வெளியிலருந்து தெரியாது. பிரைமர் பல்ப (பெட்ரோல ஏத்த விரலால அழுத்தற ரப்பர் குமிழ) எத்தனை தடவ அழுத்தினாலும் குமிழ் நிக்காம வந்துக்கிட்டே இருக்கா? எங்கயோ காத்து இழுக்குது. புது டியூப்போட முனைய சாய்வா வெட்டி ஓட்டையில நுழைச்சு, உள்ளயிருந்து கொக்கி போட்டு இழுங்க. ஃபில்டரையும் அப்பவே மாத்திடுங்க.

அப்புறம்தான் கார்பரேட்டர். மூடியக் கழட்டி உள்ள இருக்கற மெல்லிசான சவ்வ, அதான் டயாபிரத்த, எடுத்துட்டேன், சத்தத்தக் கேளுங்க. விரல்ல தொட்டா அப்பளம் மாதிரி நொறுநொறுங்குது. இது துணி மாதிரி தொளதொளன்னு இருக்கணும். விறைச்சுப் போனா பெட்ரோல் வர்ற வழிய அடைக்கற ஊசிய ஒழுங்கா திறக்காது; ஐட்லிங்ல ஓடும், ரேஸ் குடுத்தா அணைஞ்சுடும். டயாபிரம், ஊசி, பேக்கிங் எல்லாம் சேர்ந்த கிட் கிடைக்கும். கழட்டும்போதே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பேக்கிங்கையும் டயாபிரத்தையும் முன்பின்னா போட்டா வேலைக்கு ஆகாது. என்னக் கேட்டா, பாடி துருப்பிடிக்காம இருந்தா கிட்டுதான் மேல். மலிவான மாத்து கார்பரேட்டர்ல சிலதுல ஜெட் (பெட்ரோல் வர்ற சின்னத் துளை) அளவே ஒத்து வராது.

பத்து நிமிஷம் ஓடிட்டு நின்னுடுதா? டேங்க் மூடியக் கொஞ்சம் லூசாக்கிப் பாருங்க. உடனே சரியாச்சுன்னா காத்து போற வழி அடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

யோசிக்க வேண்டிய இடம் ஆயில் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்டச் சுத்தி இருக்கற ரப்பர் வளையம். ஐட்லிங் தானா ஏறி இறங்குது, கார்பரேட்டர் திருகுக்கு அடங்க மாட்டேங்குதுன்னா கிராங்க் சீல்ல காத்து இழுக்குது. சீல் விலை ஒண்ணுமில்ல, ஆனா மேக்னட், கிளட்ச் ரெண்டையும் கழட்டணும். நீங்களே செய்யறீங்கன்னா லாபம், கூலி குடுத்தா கணக்கு மாறிடும். அப்படியே விட்டு ஓட்டினா, முன்ன சொன்ன சைலன்சர் பக்கக் கீறல்லதான் போய் முடியும்.

கீழ்ப்பக்கத்தையும் விடாதீங்க. கியர்பாக்ஸப் பிடிச்சு ஆட்டுங்க, லொடலொடன்னா பேரிங் போச்சு. வளைஞ்ச குழாய் மாடல்ல உள்ள இருக்கற கேபிள உருவி, தொடச்சு, லித்தியம் கிரீஸ் தடவிப் போடுங்க. தட்டினா நரம்பு நீளாத தலைய அப்படியே புதுசா மாத்திடலாம், அத வச்சு மெஷின எடை போடாதீங்க.

கடைசியா ஒரு பேப்பர்ல எல்லாச் சாமானையும் கூட்டுங்க, கூலி இருந்தா அதையும். அதே ரகப் புது மெஷின் விலையில பாதியத் தாண்டினா விட்டுடலாம். பிஸ்டனும் போரும் சேர்ந்து போனா அனேகமா பாதியத் தாண்டும். மாடல் நம்பர் தகடே இல்ல, சாமானே கிடைக்கலன்னாலும் விட்டுடுங்க. ஆனா தூக்கிப் போடறதுக்கு முன்னாடி குழாய் விட்டம் 26 மி.மீ.யா, 28 மி.மீ.யான்னு அளங்க, ஷாஃப்ட் பல்லையும் எண்ணுங்க. நேர்க் குழாய் மெஷின்ல கியர்பாக்ஸ் நல்லா இருந்தா, அதே அளவுல இன்ஜின் மட்டும் தனியா வாங்கி மாட்டலாம்.

புது இன்ஜினுக்குக் கலவை 50க்கு 1னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மி.லி. டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்), 25க்கு 1னா 40 மி.லி. ஒரு மாசத்துக்கு மேல வச்ச கலவைய ஊத்தாதீங்க.

கமெண்ட்ல உங்க மெஷினப் பத்திக் கேக்கறவங்க, கம்ப்ரஷன் எவ்வளவு, பிளக் ஈரமா இருந்துச்சா காஞ்சிருந்துச்சா, இந்த ரெண்டையும் சேர்த்து எழுதுங்க. வெறும் "ஸ்டார்ட் ஆகல"ன்னு போட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.