கணினி எதைக் கணிக்கிறது?

வணக்கம் நேயர்களே. கணினி எடுக்கும் முடிவுகளில் பாரபட்சம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இதைச் சோதிக்க ஃபேர்லேர்ன், ஐபிஎம் தந்த ஏஐஎஃப் 360 என்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: இது உண்மையில் எதைக் கணிக்கிறது?

அமெரிக்க மருத்துவமனைகளில் எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்று. ஜியாத் ஓபர்மேயர் குழுவினர் அதை ஆராய்ந்து 2019-இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். நோயாளியின் இனம் என்னவென்றே அதற்குச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரே மதிப்பெண் பெற்றவர்களில் கறுப்பினத்தவருக்கே நோய் அதிகமாக இருந்தது. ஏன் தெரியுமா? அது கணித்தது நோயை இல்லை, ஆகப்போகும் மருத்துவச் செலவை. கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை கிடைப்பதே குறைவு, அதனால் அவர்களுக்காகும் செலவும் குறைவு, செலவு குறைவென்றால் தேவையும் குறைவு என்று கணினி எடுத்துக்கொண்டது. கூடுதல் கவனிப்புக்குத் தேர்வானவர்களில் அவர்கள் 17.7 சதவீதம்; இந்தக் கோணலைச் சரிசெய்தால் 46.5 சதவீதமாகும் என்று கணக்கிட்டார்கள். செலவோடு உடல்நிலையையும் சேர்த்துக் கணிக்க வைத்ததும் பாரபட்சம் 84 சதவீதம் குறைந்தது. இனம், பாலினம் எதையும் நாங்கள் கேட்பதே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். அந்த விவரம் கையில் இல்லாவிட்டால் சோதித்துப் பார்க்கக்கூட வழியில்லை.

சரி, அடுத்தது பிழைகள். மொத்தத்தில் இத்தனை சதவீதம் துல்லியம் என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், பிரிவு பிரிவாகக் கேளுங்கள். கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்கும் காம்பஸ் மென்பொருளை, ஃபுளோரிடாவின் பிரோவார்ட் கவுண்டியில் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2016-இல் அப்படித்தான் பிரித்துப் பார்த்தது. மறுபடி குற்றமே செய்யாதவர்களில், ஆபத்தானவர் என்று தவறாக முத்திரை விழுந்தது கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதம் பேருக்கு, வெள்ளையரில் சுமார் 23 சதவீதம் பேருக்கு. தயாரித்த நிறுவனமோ, ஒரே மதிப்பெண் என்றால் எந்த இனமானாலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்துதான், இதில் என்ன பாரபட்சம் என்றது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொன்னதும் சரி! மறுகுற்ற விகிதம் இரு பிரிவிலும் வேறாக இருந்தால், ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே ஆபத்து என்பதையும், தவறாக முத்திரை குத்துவதும் தவறாக விட்டுவிடுவதும் இரு பிரிவிலும் ஒரே அளவில் இருப்பது என்பதையும் ஒருசேரத் தர எந்தக் கணிப்பாலும் முடியாது, அப்பழுக்கில்லாமல் கணித்தாலொழிய. எனவே எது வேண்டும் என்று மென்பொருள் எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானித்து, காரணத்தோடு எழுதிவைக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைப் புரோகிராமர் தலையில் மட்டும் கட்டிவிடாமல், நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் முத்திரை விழப்போகிற பகுதியின் மக்களும் சேர்ந்து எடுக்க வேண்டும்.