வாக்கெடுப்பு இல்லாத சபை

அனைவருக்கும் வணக்கம்.

குவேக்கர் என்றதும் நம்மில் பலருக்கு ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்டுச் சிரிக்கும் மனிதர்தான் நினைவுக்கு வருவார். அந்த நிறுவனத்துக்கும் இன்று நான் பேசப்போகும் மக்களுக்கும் தொடர்பு கிடையாது. இவர்கள் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். வரலாறு படித்தவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள் தெரிந்திருக்கும்: அடிமை முறையை எதிர்த்தவர்கள், போருக்குப் போக மறுத்தவர்கள், 1947-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவர்களுடைய இரண்டு சேவை அமைப்புகளுக்குக் கிடைத்தது என்பதெல்லாம். இவையெல்லாம் பெரிய செயல்கள்தான். ஆனால் இவற்றுக்குப் பின்னால் அவர்கள் கூட்டம் நடத்தும் முறை ஒன்று இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரு சபை தன்னை நிர்வகித்துக்கொள்வதும் அதன் மனிதர்கள் உள்ளுக்குள் வளர்வதும் இவர்களிடம் ஒரே வேலையாக இருக்கிறது. எனக்கு அவர்கள் மேல் இருக்கும் மதிப்பெல்லாம் இதனால்தான்.

முதலில் வழிபாட்டைப் பார்த்துவிடலாம். பழைய முறையைக் கடைப்பிடிக்கும் குவேக்கர் கூடத்தில் பீடம் இருக்காது, பாட்டு இருக்காது, போதகரும் இருக்க மாட்டார். வட்டமாகவோ சதுரமாகவோ உட்கார்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் மௌனமாக இருப்பார்கள். பேசியே ஆக வேண்டும் என்று உள்ளிருந்து உந்துதல் வந்தால் ஒருவர் எழுந்து சில வார்த்தைகள் சொல்லி உட்கார்வார். ஆண், பெண், சிறுவர், யார் வேண்டுமானாலும் எழலாம். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே எழ மாட்டார். சொன்னது உள்ளே இறங்க இடைவெளி வேண்டும். மறுப்போ பதிலோ அங்கே கிடையாது. கடைசியில் மூப்பர் இருவர் கைகுலுக்குவார்கள், கூட்டம் முடிந்துவிடும்.

எல்லா மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது, அது இடையில் யாரும் இல்லாமல் நேராகவே பேசும் என்பது அவர்கள் நம்பிக்கை. இது சொல்லக் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு சபையை எப்படி நடத்துவது? எல்லோருக்குள்ளும் ஒளி பேசுகிறது என்றால், ஒருவர் 'எனக்கு இப்படிச் சொல்லப்பட்டது' என்கிறார், இன்னொருவர் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

இந்தக் கேள்வி அவர்களுக்கு வெகு சீக்கிரமே வந்தது, மிகக் கொடுமையாகவும் வந்தது. இந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1624-ல் லெஸ்டர்ஷயரில் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து கலங்கிக் கிடந்த நேரத்தில் ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்தார். 1652-ல் வட இங்கிலாந்தில் பெருங்கூட்டம் அவர் பின்னால் திரண்டது. அந்த முதல் தலைமுறையில் அவருக்கு இணையாகப் பேசத் தெரிந்தவர் ஜேம்ஸ் நெய்லர். 1656 அக்டோபரில் நெய்லர் கொட்டும் மழையில் குதிரை மேல் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். கூட வந்தவர்கள் 'பரிசுத்தர், பரிசுத்தர்' என்று பாடிக்கொண்டே வந்தார்கள். இயேசு எருசலேமுக்குள் நுழைந்த காட்சியை நடித்துக் காட்டியது போல இருந்தது. தம் உள்ளே இருக்கும் கிறிஸ்துவுக்கு அடையாளமாகத்தான் அப்படிச் செய்ததாக நெய்லர் சொன்னார். பாராளுமன்றம் அதை ஏற்கவில்லை. தெய்வ நிந்தனை என்று தீர்மானித்து அவரைச் சாட்டையால் அடித்தார்கள். நெற்றியில் சூடு போட்டார்கள், நாக்கில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டார்கள்.

நெய்லர் பிரிஸ்டலுக்குள் நுழைந்த அடுத்த மாதமே யார்க்‌ஷயரின் பால்பி என்ற ஊரில் மூப்பர்கள் கூடி, சபைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். கூட்டங்களை எப்படி நடத்துவது, ஏழைகளை எப்படிக் கவனிப்பது, தவறு செய்தவரிடம் எப்படிப் பேசுவது என்று வரிசையாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கடைசியில், இவற்றை நீங்கள் பின்பற்றியே தீர வேண்டிய சட்டமாக உங்கள் மேல் சுமத்தவில்லை, ஒளியின் வழிகாட்டுதலில் இவை நிறைவேற வேண்டும், எழுத்து கொல்லும், ஆவியோ உயிர்ப்பிக்கும் என்று முடித்தார்கள். அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தி இன்றும் குவேக்கர் நடைமுறை நூல்களில் அச்சாகிறது. வேறு எந்த அமைப்பிலாவது விதிமுறை எழுதியவர்களே 'இது விதி அல்ல' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கிருந்து ஒரு வழக்கம் மெல்ல உருவானது. தனி மனிதருக்குள் எழும் உந்துதலை அவர் தம் சபையின் முன் வைக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து மௌனத்தில் அதைச் சோதிப்பார்கள். ஃபாக்ஸ் 1666-ல் சிறையிலிருந்து வெளிவந்ததும் நாடு முழுக்கச் சுற்றி மாதக் கூட்டங்களை அமைத்தார். பல மாதக் கூட்டங்கள் சேர்ந்து ஒரு காலாண்டுக் கூட்டம், அதற்கும் மேலே ஆண்டுக் கூட்டம். அடுக்கு இருந்தது, ஆனால் அடுக்கின் உச்சியில் பிஷப்போ தலைவரோ இல்லை. 1660-களில் சட்டங்கள் கடுமையாகி ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனபோது இதன் பயன் தெரிந்தது. தலைவரைப் பிடித்துப்போட்டால் கலைந்துவிடும் இயக்கமாக அது இல்லை. 1682-ல் பிரிஸ்டலில் பெரியவர்களில் பெரும்பாலோரைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அப்போது அங்கே குழந்தைகளே கூடி வழிபாட்டைத் தொடர்ந்து நடத்தினார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த வரலாறு பாதிகூட ஆகாது. ஸ்வார்த்மூர் இல்லத்தின் மார்கரெட் ஃபெல் 1654-லேயே ஒரு நிதி திரட்டி, சிறைப்பட்டவர்களுக்கும் ஊர் சுற்றிப் பிரசங்கிப்பவர்களுக்கும் அனுப்பினார். கடிதப் போக்குவரத்து முழுவதும் அவர் வீட்டை மையமாகக் கொண்டு நடந்தது. லங்காஸ்டர் கோட்டையில் சிறையிருந்தபோது, 1666-ல், பெண்கள் சபையில் பேசலாம் என்று வேத வசனங்களைக் காட்டி வாதாடிய அவருடைய சிறு நூல் வெளிவந்தது. பெண்களுக்கென்று தனி நிர்வாகக் கூட்டங்கள் வந்தன. அவர்களே பணம் கையாண்டார்கள், அவர்களே தீர்மானக் குறிப்பு எழுதினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இது சாதாரண காரியம் இல்லை.

சரி, நிர்வாகக் கூட்டத்துக்கு வருவோம். அதே கூடம், அதே மௌனம். அதுவும் வழிபாடுதான். கட்டடத்துக்குக் கூரை மாற்றுவதா, அகதிகளுக்கு இடம் கொடுப்பதா, எதுவானாலும் மௌனத்தில் தொடங்கும். கூட்டத்தை நடத்துபவரை கிளார்க் என்பார்கள். பெயருக்கு ஏற்றபடி அவர் எழுதுபவர்தான். தம் கருத்தைத் தூக்கிப் பிடிக்கும் தலைவர் கிடையாது. பேச விரும்புபவர் எழுந்து நிற்பார், கிளார்க் கூப்பிட்ட பிறகு பேசுவார். பேச்சு முழுவதும் கிளார்க்கைப் பார்த்துத்தான். பொதுவாக ஒரு விஷயத்தில் ஒரு முறைக்கு மேல் பேசுவதில்லை. முன்னால் பேசியவர் தம் கருத்தைச் சொல்லிவிட்டிருந்தால் அதையே திரும்பச் சொல்ல எழுவதும் இல்லை. ஏனென்றால் அங்கே எண்ணிக்கைக்கு வேலையே இல்லை.

வாக்கெடுப்பு கிடையாது. பேச்சு ஓரளவு ஒரு பக்கமாகக் கூடிவருகிறது என்று தோன்றும்போது கிளார்க் அங்கேயே உட்கார்ந்து தீர்மானத்தை எழுதுவார். மற்றவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள், அவருக்காக மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருப்பார்கள். எழுதியதை உரக்கப் படிப்பார். ஒரு சொல் சரியில்லை என்றால் அங்கேயே திருத்துவார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்டால் அந்த நிமிடத்தில் அது முடிவு. அடுத்த மாதம் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று யாரும் வர முடியாது. யார் என்ன சொன்னார்கள் என்ற பெயர் விவரமும் குறிப்பில் இருக்காது.

கூடிவரவில்லை என்றால்? விட்டுவிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அல்லது முடிவே எடுக்காமல் எல்லோரும் மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்ப்பதற்கென்று தனியாக ஒரு கூட்டம் போடுவார்கள். ஒருவருக்கு மட்டும் உடன்பாடு இல்லை என்றால், அவர் தம் தயக்கத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிடலாம். அதே சமயம் ஒற்றை ஆள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று கூட்டம் உணர்ந்தால் முழுக் கூட்டமும் நின்றுவிடும். இந்த இரண்டில் எது நடக்கிறது என்று கண்டுகொள்வதுதான் கிளார்க்கின் உண்மையான வேலை.

இப்படி ஓர் அறையில் உட்கார ஒரு மனிதருக்கு என்ன தேவைப்படும்? தம் கட்சி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். எதிராளி பேசும்போது பதிலைத் தயார் செய்யாமல் கேட்க வேண்டும். தாம் தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மௌனம் இவற்றையெல்லாம் பழக்குகிறது, நிர்வாகக் கூட்டம் இவற்றைச் சோதித்துப் பார்க்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் இந்த முறை ஒரு மாதம்கூட ஓடாது.

இதை ஓர் உதாரணத்தோடு பார்க்க வேண்டும். பெருமையும் வலியும் சேர்ந்த உதாரணம் அது.

1688-ல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு குடியேறிகள் அடிமை முறைக்கு எதிராக ஒரு மனு எழுதினார்கள். நம்மை இப்படி யாராவது பிடித்து விற்றால் நாம் சம்மதிப்போமா என்று கேட்டார்கள். மாதக் கூட்டம் அதைப் படித்துவிட்டு, விஷயம் மிகக் கனமானது, நம்மால் தீர்மானிக்க முடியாது என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அவர்களும் அதே காரணத்தைச் சொல்லி ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். ஆண்டுக் கூட்டம், இதில் தீர்ப்புச் சொல்வது தகாது என்று மூடிவைத்தது. அந்தத் தாள் 1844-ல்தான் மறுபடி கண்ணில் பட்டது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அப்போது அந்த ஆண்டுக் கூட்டத்தில் செல்வாக்கோடு இருந்த பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். ஒருமித்த மனம் வேண்டும் என்று காத்திருக்கும் சபையில் வசதியானவர்கள் தலையாட்டாதவரை எதுவும் நகராது. பெஞ்சமின் லே என்ற சிறிய உருவம் கொண்ட, கோபக்காரரான குவேக்கர் 1738-ல் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தார். உள்ளே குடைந்த புத்தகத்தில் சிவப்புச் சாறு நிரப்பிய பையை ஒளித்துவைத்திருந்தார். அதை வாளால் குத்தி, அடிமை வைத்திருப்பவர்கள் மேல் இரத்தம் போலத் தெறிக்கவிட்டார். அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். சபையிலிருந்தும் விலக்கினார்கள்.

ஜான் வுல்மன் வேறு வழியில் போனார். நியூஜெர்சிக்காரர், 1720-ல் பிறந்தவர். இளைஞராக ஒரு கடையில் வேலை பார்த்தபோது முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுப் பத்திரம் எழுதச் சொன்னார். வுல்மன் எழுதிக் கொடுத்துவிட்டார், மனம் ஒப்பவில்லை. அந்த இடத்திலேயே இது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாது என்று சொல்லவும் செய்தார். பிறகு அப்படிப் பத்திரம் எழுத மறுத்தார். அதற்கு மேல் ஆண்டாண்டாக, அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கே போய், உட்கார்ந்து, அமைதியாகப் பேசினார். தங்கிய வீட்டில் அடிமைகள் தமக்குச் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தார். சாயம் தோய்க்காத துணி உடுத்தினார். 1758-ல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் மனம் திரும்பி, அடிமை வைத்திருப்பவர்களை வீடு வீடாகச் சந்திக்க ஒரு குழுவை நியமித்தது. வுல்மனும் அதில் ஒருவர். 1776-ல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று அதே ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது. அதைப் பார்க்க வுல்மன் உயிரோடு இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மையில் இறந்துவிட்டார்.

அந்த முடிவு வந்தபோது ஒரு சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சமூகமே தன் சொத்தைத் தானாகக் கைவிட்டது. வாக்கெடுப்பில் 51 பேர் 49 பேரைத் தோற்கடித்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் 1688-க்கும் 1776-க்கும் இடையில் 88 ஆண்டுகள். சபை பொறுமையாகக் காத்திருந்தது. அந்தப் பொறுமைக்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கவில்லை. குவேக்கர் முறையைப் புகழும் எவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால், லே தெறிக்கவிட்ட சாறும் வுல்மனின் அமைதியும் இரண்டுமே வேண்டியிருந்தன.

இனி, ஆளை வளர்க்கும் ஏற்பாடுகள். போதகர் இல்லாத சபையில் அந்த வேலை எல்லோருக்கும் பங்காகிறது. மூப்பர்கள் வழிபாட்டின் ஆழத்தைக் கவனிப்பார்கள். நோய், துக்கம், குடும்பக் கஷ்டம் ஆகியவற்றைக் கவனிக்க வேறு சிலர். யாரும் பதவிக்குப் போட்டியிடுவதில்லை. ஒரு சிறு குழு யோசித்துப் பெயர்களைக் கொண்டுவரும், பெரும்பாலும் மூன்றாண்டு பொறுப்பு, அப்புறம் இன்னொருவர். நேற்று கிளார்க்காக இருந்தவர் இன்று தேநீர் போடுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய கேள்விகள். 1682-ல் லண்டன் ஆண்டுக் கூட்டம் ஊர்களுக்குச் சில கேள்விகளை அனுப்பியது. சிறையில் எத்தனை பேர் இறந்தார்கள், உங்களுக்குள் சமாதானம் இருக்கிறதா என்று தகவல் கேட்ட கேள்விகள் அவை. காலப்போக்கில் அவை தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளாக மாறின. பிரிட்டனில் 1994-ல் ஏற்ற வடிவத்தில் ஆலோசனையும் கேள்வியுமாக 42 பகுதிகள் இருக்கின்றன. கூட்டத்தில் ஒன்றை வாசிப்பார்கள், பிறகு மௌனம். யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விசுவாசப் பிரமாணம் ஓதி உறுதிமொழி எடுக்காத ஒரு சபை, இந்தக் கேள்விகளோடு வாழ்வதையே தன் ஒழுக்கமாக வைத்திருக்கிறது.

இன்னொன்று தெளிவுக் குழு. திருமணம் செய்யப்போகிறவர்களை விசாரிக்கத் தொடங்கிய வழக்கம் இது. இப்போது வேலையை விடுவதா, ஒரு பெரிய பொறுப்பை ஏற்பதா என்று குழம்புகிறவரும் கேட்டுப் பெறலாம். நாலைந்து பேர் அவரோடு உட்கார்வார்கள். அறிவுரை சொல்லக் கூடாது, 'என் மைத்துனருக்கும் இப்படித்தான்' என்று கதை சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம், அதுவும் பதில் ஒளிந்திராத கேள்வி. இதை நீங்களும் வீட்டில் ஒரு நாள் செய்துபாருங்கள். அறிவுரை சொல்லாமல் பத்து நிமிடம் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

நம் பக்கத்திலும் இவர்களில் ஒருவர் வாழ்ந்தார். மார்ஜரி சைக்ஸ், 1928-ல் சென்னைக்கு ஆசிரியராக வந்தவர். முப்பதுகளில் குவேக்கர்களோடு சேர்ந்தார். தமிழ் கற்றார், வங்காளமும் கற்றுத் தாகூரை மொழிபெயர்த்தார், சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விக்கு உழைத்தார், கோத்தகிரியில் நெடுங்காலம் வாழ்ந்தார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு மாலை பேச வேண்டும்.

இன்று உலகில் அதிகமான குவேக்கர்கள் இருப்பது கென்யாவில். 1902-ல் கைமோசியில் தொடங்கிய பணியின் விளைவு அது. அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. நான் மேலே சொன்ன மௌன வழிபாடு குவேக்கர் குடும்பத்தின் ஒரு கிளைதான். ஆனாலும் நிர்வாகக் கூட்டத்தை வழிபாடாக நடத்துவது, வாக்கு எண்ணாமல் முடிவெடுப்பது இரண்டும் கிளைகள் பலவற்றுக்கும் பொது.

இந்த முறை தோற்றதும் உண்டு. 1827-ல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டமே இரண்டாக உடைந்தது. எலையாஸ் ஹிக்ஸ் என்ற முதியவர் உள்ளொளியே பிரதானம் என்றார். மறுபக்கத்தில் நகரத்து மூப்பர்கள் வேதமும் கிறிஸ்துவின் இரத்தமும் பிரதானம் என்றார்கள். கேட்கும் பழக்கத்தை உயிராக வைத்திருந்த மக்கள் ஒருவரையொருவர் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கூடங்களுக்கும் கல்லறைகளுக்கும் சண்டை நடந்தது, குடும்பங்கள் பிரிந்தன. பிறகு முதல் உலகப் போர் வந்தது. 1917-ல் நிவாரணப் பணிக்காகத் தொடங்கிய அமைப்பில் இரு பக்கத்து இளைஞர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். மெல்ல மெல்லக் குழுக்களையும் கூட்டங்களையும் சேர்ந்து நடத்திப் பார்த்தார்கள். 1955-ல் இரண்டு ஆண்டுக் கூட்டங்களும் மறுபடி ஒன்றாயின. அதையும் அவர்கள் வாக்கெடுப்பு இல்லாமல்தான் செய்தார்கள்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.