நிக்கல் என்று சொல்லி இரும்பைத் தருகிறார்கள்!

வணக்கம் மக்களே. ஹட்டனில் மழை, தகரத்தில் விழும் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று கோபமும் உண்டு, சந்தோஷமும் உண்டு. கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரத்தால் தண்ணீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் நம் செல்லுக்கு நிக்கல் பட்டி வாங்கினேன். பேட்டரி கட்டுபவர்கள் ஒட்டுவார்களே, அதே பட்டிதான். ஒரு மீட்டர் 400 ரூபாய். சுத்த நிக்கல் என்று அடித்துச் சொன்னார் கடைக்காரர். கத்தியால் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் கீறிய இடமெல்லாம் துரு! முலாம் பூசிய இரும்பு. முலாம் பட்டியை முலாம் பட்டி என்று சொல்லியே 120 ரூபாய்க்கு விற்கிறார்களே! கொழும்பில் வேறொருவரிடம் வரவழைத்த பட்டி, கீறினாலும் பளபளவென்றே இருக்கிறது. நீங்களும் கீறிப் பார்க்காமல் செல்லில் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், 1987இலேயே கொரிகன் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார்: காரக் கரைசலில் துளி இரும்பு கலந்திருந்தாலே நிக்கலில் ஒட்சிசன் எளிதாக வரும். இரும்பு நாம் போட்டதா, பட்டியிலிருந்து கசிந்ததா என்று தெரியாவிட்டால் அளவெடுப்பதே வீண்.

இப்போது சந்தோஷம். காஸ்டிக் சோடா கரைசலில் சுத்த நிக்கலுக்கு மீட்டர் 2 வோல்ட் காட்டியது. இரும்பு சல்பேட் ஒரு சிட்டிகை போட்டேன். அதே கரண்ட், 1.85 வோல்ட்! கணக்குப்படி தண்ணீர் பிரிய 1.23 போதும், மிச்சமெல்லாம் வீண் செலவு. அந்த மிச்சத்தைக் குறைப்பதுதான் ஊக்கியின், அதாவது இங்கே நிக்கலோடு சேரும் இரும்பின், வேலை. அமிலச் செல்களில் இதற்கு இரிடியம் என்ற உலோகத்தைப் போடுகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7-8 டன்தான் கிடைக்கும், பெரும்பகுதி தென்னாபிரிக்காவில். நமக்கு இரும்பும் நிக்கலும் போதும்!

சொல்ல மறந்துவிட்டேன், இரும்பு சல்பேட் உரக்கடையில் கிடைக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் காஸ்டிக் சோடாவைத் தொடவே கூடாது. ஐதரசன் தேங்காமல் இருக்கத்தான் நான் எப்போதும் இஸ்தோப்பில் செய்கிறேன்.

"உப்புப் போடுங்க அக்கா" என்று எழுதுகிறவர்களே, காஸ்டிக் சோடாவுக்குப் பதில் செல்லில் உப்புப் போட்டால் குளோரின் வரும், அது விஷம். நிக்கல் பட்டிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியும் வேண்டாம், அதிலிருந்து குரோமியம் நஞ்சாகக் கரையும்.

ஒட்சிசன் பக்கம் சரி. ஐதரசன் பக்கத்துக்கு நிக்கலோடு மொலிப்டினம் சேர்க்க வேண்டும். அதைத்தான் அடுத்து வாங்கப் போகிறேன்.