மதகு அடைத்ததும் கப்பல்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கோபிக்கும் ஈரோட்டுக்கும் நடுவே, கீழ்பவானி வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் முப்பத்தாறு வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். எங்கள் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி மைசூர் போகும் தடத்தில்தான் அவருடைய சர்வீஸில் பாதி கழிந்தது. 1974 வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். 2024 வைகாசியில் ஐம்பது வருடம் நிறைந்தது. அன்றைக்கு நாங்கள் இருவரும் மலாக்கா நீரிணையில் ஒரு கப்பலில் இருந்தோம். அது எங்களுடைய ஐந்தாவது கப்பல் பயணம்.

ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு உங்களுக்கு எங்கீருந்துங்க இந்தக் கப்பல் ஆசை வந்துச்சு?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் சின்ன வயதில் பார்த்த பெரிய தண்ணீர் பவானிசாகர் அணைதான். 105 அடி, 32.8 டி.எம்.சி. அணை நிரம்பி நிற்கும்போது அக்கரை தெரியாத மாதிரி இருக்கும். கடலை நான் முதன்முதலில் பார்த்தது முப்பது வயதில், மாமியாரோடு இராமேசுவரம் போனபோது. குளித்து, ஈரச் சேலையோடு கோயிலுக்குள் போய்விட்டோம். நின்று பார்க்க நேரமில்லை.

ஆனால் கடலுக்கும் நம் கொங்கு நாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே சூதுபவளத்தையும் பளிங்கையும் அறுத்து மணி செய்திருக்கிறார்கள். அந்தச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போய், முசிறியில் கப்பல் ஏறியது. அதற்கு ஈடாக வந்த ரோமானியக் காசுகள் கோவை வெள்ளலூரில் புதையல் புதையலாகக் கிடைத்தன. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம், நாமும் ஒருநாள் அந்தக் கணவாய் வழியாகப் போய்க் கப்பல் ஏற வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கல்யாணம் பந்தலில் நடந்தது. சடங்கு நடத்தும் பெரியவரான அருமைக்காரர் வந்து சீர் செய்தார், மாப்பிள்ளையோடு அவர் சகோதரி சேர்ந்து செய்யும் இணைச்சீருக்கு நாத்தனார் உட்கார்ந்தார், மங்கல வாழ்த்துப் பாடினார்கள். மறுநாள் மாட்டு வண்டியில் புருஷன் வீடு. தேனிலவு என்ற பேச்சே கிடையாது. முதன்முதலாக இருவரும் வெளியூர் போனது பழனிக்கு, அதுவும் ஒன்பது பேரோடு. அப்புறம் பிள்ளைகள், பள்ளிக்கூடம், மாடு, காடு. அவர் நைட் டூட்டி முடிந்து வரும்போது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம் என்று சொல்கிறோம். அதில் முப்பது வருடம் வாசலில் பார்த்துக்கொண்டதுதான்.

முதல் பயணம் 2014-இல், நாற்பதாவது வருடத்துக்கு. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு எம்.வி. கவரத்தி என்ற அரசுக் கப்பல். அங்கே போக முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சுமார் 400 கிலோமீட்டர் கடல். இரவில் கப்பல் நகரும், பகலில் ஒரு தீவு. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள் பார்த்தோம். பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே ஆடிக்கொண்டிருக்கும் படகில் நம்மை இறக்குவார்கள். படகு மேலே எழும்பும் நொடியில் கால் வைக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கப்பல்காரப் பையன் இருபுறமும் தோளைப் பிடித்து, "பேடிக்கண்டா அம்மே", பயப்படாதீங்கம்மா என்று மலையாளத்தில் சொல்லித் தூக்கி வைத்தான். மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. மூட்டுவலியோடு நான் கீழே நின்றுவிட்டேன். அவர் ஏறிப் போய், மேலிருந்து துண்டை ஆட்டிக் காட்டினார். அறுபத்தாறு வயது மனுஷர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி துண்டை ஆட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இது ஒரு தடவையோடு நிற்கக் கூடாது என்று.

2017-இல் மறுபடியும் கொச்சியிலிருந்து, மாலத்தீவுக்கு. அந்தப் பயணத்தில் ஒரு பாடம் கிடைத்தது. நடுக்கடலில் நம் செல்போன் கப்பலுடைய செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். மகளோடு பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. ஊருக்கு வந்த பிறகு வந்த பில்லைப் பார்த்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் ஏறியதும் செல்போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். 2019-இல் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பயணம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 'எம்ப்ரஸ்' கப்பல் புறப்படத் தொடங்கியது, அதில் விசாகப்பட்டினம் வரை போனோம். சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, மதியம் கப்பல். நம்மூர்க்காரர்களுக்கு முதல் தடவைக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

போவது எப்போது என்பதை எங்களுக்கு வாய்க்கால்தான் சொல்லும். கீழ்பவானி ஆயக்கட்டு இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர். அதை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டு முதல் நஞ்சைக்கும், மறுபாதிக்கு ஜனவரிக்கு மேல் புஞ்சைக்கும் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் வரும்போது வீட்டை விட்டு எங்கும் நகர முடியாது. மதகு அடைத்துக் கடலையும் எள்ளும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பெட்டி எடுப்போம். எங்கள் கல்யாண நாள் வைகாசியில் வந்ததே ஒரு பாக்கியம். மாடு இரண்டையும் கொழுந்தனார் பார்த்துக்கொள்வார்.

ஐம்பதாவது வருடத்துக்குப் பிள்ளைகள் வேறு ஏற்பாடு செய்தார்கள். பெருந்துறையில் மண்டபம், ஆயிரம் பேருக்கு விருந்து, மேடையில் மாலை மாற்றுவது. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய் வந்தாயிற்று. அந்த நிறைவு எங்களுக்கு இருக்கிறது. மகனிடம் அவர் சொன்னார், "கண்ணு, மண்டபத்துல நானும் உங்கம்மாவும் நாலு வார்த்தை பேச முடியுமா? வந்தவங்களைக் கும்பிட்டே பொழுது போயிரும்." அவன் கொஞ்சம் வருத்தப்பட்டான், பிறகு புரிந்துகொண்டான். குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்து, பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும் ஒப்புட்டோடு சாப்பாடு போட்டோம். மறு வாரம் கோவையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போனோம். அங்கிருந்து நான்கு இரவுக் கப்பல், பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும்.

அந்தக் கப்பல் முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம், மூவாயிரம் பேருக்கு மேல் ஏறலாம். மற்றப் பயணங்களில் சன்னல் இல்லாத உள்ளறையே எடுத்திருந்தோம். தூங்குவதற்குத்தானே அறை. இந்த ஒரு தடவை மட்டும் பால்கனி வைத்த அறை எடுத்தோம். அதற்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும்.

இரண்டாம் நாள் விழிப்பு வந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கடிகாரத்தில் ஆறரை. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். நம் ஊருக்கு அது விடிகாலை நாலு மணி, பால் கறக்கும் நேரம். அங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். பால்கனிக் கதவைத் திறந்தேன். இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, எப்ப எந்திரிச்சீங்க?"

"பாலுக்கு எந்திரிக்கிற நேரமல்ல அம்மிணி, தானா முழிப்பு வந்துருச்சு."

உள்ளே போய்க் கெட்டிலில் தண்ணீர் வைத்து, பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு கோப்பை காப்பி கலந்து எடுத்து வந்தார். சர்க்கரை கூடிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

கடலில் தூரத்தில் வரிசையாக விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் சரக்குக் கப்பல்கள். தைப்பூசத்துக்கு ராத்திரியில் பழனி ரோட்டில் நடக்கும் கூட்டம் மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக. அந்த நீரிணையில் போகும் கப்பலுக்கு ஒரு தடம், வரும் கப்பலுக்கு ஒரு தடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அவர் திம்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. 1986-இல் ஒரு மழை ராத்திரி, இறக்கத்தில் பஸ் சறுக்கி, முன் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றதாம். உள்ளே நாற்பது பேர் தூக்கத்தில். எல்லோரையும் பின் பக்கமாக ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, லாரிக்காரர்கள் உதவியோடு பஸ்ஸை இழுத்திருக்கிறார். அன்று காலை அவர் வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. "பஸ் லேட்டு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நான் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன், ஏன் லேட் என்று கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் கழித்து, கடல் நடுவில் அதைச் சொன்னார். "அப்ப சொல்லீருந்தா நீ என்னை வேலைக்கு அனுப்பிச்சிருப்பியா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் ஏன் இந்தப் பேச்சு வரவில்லை என்று பிறகு நினைத்துப் பார்த்தேன். வீட்டில் காலையில் எழுந்ததிலிருந்து கைக்கு வேலை இருக்கிறது. இன்றைக்கு அரிசிம்பருப்பா, கொள்ளுப் பருப்பா, நாளைக்கு மாவு இருக்கிறதா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கப்பலில் ஐந்து நாள் நான் அடுப்பைப் பார்க்கவில்லை. அவரும் மோட்டார் ஓடுகிறதா என்று எழுந்து போகவில்லை. எதிரே தண்ணீர், பக்கத்தில் ஒரு ஆள். பேசாமல் என்ன செய்வது?

பினாங்குக்கு வருகிறேன். அவருடைய அப்புச்சி, அம்மாவின் அப்பா, 1936-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். அந்தக் காலத்தில் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய கப்பல்களில் பேர்போனது ரஜூலா. 1926-இல் கட்டியது, ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. ஏழைகளுக்கு அறை கிடையாது, தளத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் என்று ஒரு தீவு. நோய் பரவிவிடாமல் இருக்க, வந்த தொழிலாளர்களை அங்கே வைத்திருந்து பார்த்த பிறகுதான் வேலைக்கு அனுப்புவார்கள். அப்புச்சியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் உலகப் போர் வந்தது, கடிதம் வரவில்லை. அப்புச்சியின் மனைவி, எங்கள் அம்மாயி, சாகும்வரை தாலியைக் கழற்றவே இல்லை.

ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி வெளியே வந்தோம். நடக்கும் தூரத்தில் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833-இல் எழுந்தது. அவர் அங்கே அப்புச்சி பேருக்கு ஒரு அர்ச்சனை செய்தார். ராசி, நட்சத்திரம் கேட்டார்கள், தெரியவில்லை. "ஊர் பேரைச் சொல்லுங்க போதும்" என்றார் குருக்கள். சொன்னார். வெளியே வந்து இட்லி சாப்பிட்டோம். கடைக்காரரின் தாத்தா சேலம் பக்கமாம். பணம் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

வயதானவர்களுக்குக் கப்பல் ஏன் தோது என்று பலர் கேட்கிறார்கள். ஊர் ஊராகப் பெட்டி தூக்க வேண்டியதில்லை, ஒரு தடவை பிரித்து வைத்தால் போதும். படுத்த இடத்துக்கு அடுத்த ஊர் வந்து சேரும். கப்பலின் இரு பக்கமும் மீனுக்கு இருக்கிற மாதிரி துடுப்புகள் உண்டு, அவை ஆட்டத்தைக் குறைக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். மாத்திரைகளை மட்டும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். 2019-இல் அவருடைய பிரஷர் மாத்திரை அப்படித்தான் ஆறு மணி நேரம் தள்ளிப் போயிற்று. கப்பல் மருத்துவருக்குத் தனிக் கட்டணம், அதனால் பயணக் காப்பீடு இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால், திரும்ப உள்ளே நுழையவும் விசா செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறியதும் ஆபத்துக் காலப் பயிற்சி நடத்துவார்கள். ஏழு சிறிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். சிலர் அசட்டையாக இருப்பதைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் உயிர்காப்பு உடுப்பின் வாரை மூன்று தடவை கட்டி அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அவருக்கு எந்தப் பயணத்திலும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. துறைமுகம் நெருங்கும்போது ஒரு சின்னப் படகு பக்கத்தில் வரும். அதிலிருந்து ஒரு ஆள் நூலேணியைப் பிடித்து ஓடுகிற கப்பலில் ஏறுவார். அவர்தான் பைலட். அந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் அவருக்கு அத்துபடி. உலகம் சுற்றிய கேப்டனும் அந்த இடத்தில் உள்ளூர்க்காரர் சொல்வதைக் கேட்டுத்தான் கப்பலைத் திருப்புவார். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் பத்திரமாக மேலே ஏறும்வரை இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

போன வாரம் பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துப் பார்த்தோம். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும், என்னுடையதைப் புதுப்பிக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். காட்டில் கடலை பூ வைத்திருக்கிறது. மதகு அடைக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. வணக்கம்.