கசட்டிலிருந்து எண்ணெய் வரும், ஆனால் தண்ணீரை யார் விரட்டுவது?

அனைவருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிலர் மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் வந்திருப்பீர்கள், பரவாயில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தண்ணீர் போய்விடும், சரி, அதிலிருந்த அழுக்கு? தொட்டியின் அடியில் கசடாக உட்கார்ந்திருக்கும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரிக்கும் முறையைச் சொன்னார்கள். அது பரவப் பரவ, நல்ல தண்ணீரோடு கசடும் ஊர் ஊராகக் குவிந்தது. லண்டன் அதைக் கப்பலில் ஏற்றிப்போய் 1998 வரைக்கும் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது.

இப்போது அடிக்கடி காதில் விழும் தீர்வு பைரோலிசிஸ். காற்று புகாத கலனில் கசட்டைப் போட்டு 500, 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவது. ஆக்சிஜன் இல்லாததால் எரியாது, சிதையும். கரிமூட்டத்தில் விறகு கரியாவது மாதிரிதான், புகையை மட்டும் விட்டுவிடாமல் பிடித்துக் குளிர்விக்கிறோம். குளிர்ந்து திரவமாவது எண்ணெய். குளிராமல் மிஞ்சுவது ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் எல்லாம் கலந்த எரிவாயு. உள்ளேயே தங்குவது கரி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மண்வெட்டியால் அள்ளும் பதத்துக்கு வந்த கசட்டிலும் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு டன் எடுத்துக்கொள்ளுங்கள்: 200 கிலோ திடப்பொருள், 800 கிலோ தண்ணீர். திடப்பொருள் 90 சதவீதம் ஆகும்வரை உலர்த்திய பிறகே கலனுக்குள் அனுப்ப வேண்டும் என்றால் ஏறக்குறைய 780 கிலோ தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து கிலோவுக்கு 3 மெகாஜூல் என்று வைத்தால் 2,300 மெகாஜூலுக்கு மேல் செலவு. அந்த 200 கிலோவுக்குள் இருக்கும் மொத்த ஆற்றலே, கிலோவுக்கு 12 மெகாஜூல் என்று போட்டால், 2,400தான். வரவும் செலவும் சரியாகப் போச்சு! இதில் எண்ணெயைத் தனியாக விற்கலாம், கரியைத் தனியாக விற்கலாம் என்று யாராவது படம் போட்டுக் காட்டினால், உலர்த்துவதற்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள். வெயில், பக்கத்து ஆலையில் வீணாகும் வெப்பம் என்று ஏதாவது பதில் இருந்தால் உட்கார்ந்து பேசலாம். இல்லை, இன்னும் அழுத்திப் பிழிந்து திடப்பொருளை 30 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் கணக்கே மாறிவிடும்: அந்தக் கசடு ஒரு டன்னுக்குக் கையில் 3,600 மெகாஜூல், செலவு 2,000தான்.

எண்ணெய் மேல் எனக்குப் பெரிய மயக்கம் கிடையாது. கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும், நாற்றம் தாங்காது. கசட்டில் புரதம் அதிகம், அதிலுள்ள நைட்ரஜன் எண்ணெயில் ஏறிவிடும், எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். கூடவே அமோனியாவும் ஃபீனால் என்ற நச்சுப் பொருளும் கலந்த நீர் பிரியும், அதை மறுபடி சுத்திகரிக்க வேண்டும் (சுத்திகரிப்பில் பிறந்ததற்கே இன்னொரு சுத்திகரிப்பு!). அதனால்தான் குளிர்விக்கும் வேலையே வேண்டாம் என்று, ஆவியை அப்படியே எரித்து அந்த வெப்பத்தை உலர்த்திக்குத் திருப்பிவிடும் ஆலைகள் இருக்கின்றன. அது புத்திசாலித்தனம்.

என்னைக் கேட்டால் கரிதான் விஷயம். அந்தச் சூட்டில் எந்தக் கிருமியும் தப்பாது, மருந்து எச்சங்கள் பெரும்பாலும் சிதைந்துவிடும், செடிக்கு உரமாகும் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுதும் கரியிலேயே நிற்கும். அதற்காக இதை மரக்கரி என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் பாதிக்கு மேல் சாம்பல். ஈயம், துத்தநாகம், செம்பு எங்கேயும் போகாது. எடை பாதியாகக் குறைவதால் அவற்றின் செறிவு இரண்டு மடங்காகும். தண்ணீரில் முன்போல எளிதாகக் கரைந்து வெளியே வராது என்பது ஓர் ஆறுதல். பாதரசமோ வாயுவோடு கிளம்பிவிடும், அதைப் புகைபோக்கிக்கு முன்னால் பிடிக்க வேண்டும். ஆகவே வயலில் போடுவதற்கு முன்னால் கரியைப் பரிசோதிப்பதோடு, சாக்கடைக்குள் எந்தத் தொழிற்சாலை எதை விடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஜெர்மனி 2017-இல் கொண்டுவந்த விதியைப் பாருங்கள், அதில் எண்ணெயைப் பற்றிய கவலையே இல்லை: பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் கசட்டிலிருந்து பாஸ்பரஸை மீட்டாக வேண்டும். ஆனால் இரும்பு உப்பைப் போட்டுப் பாஸ்பரஸைப் படியவைத்த கசடு என்றால், அதன் கரியிலிருந்து செடிக்கு அது மெதுவாகத்தான் கிடைக்கும். உர மூட்டைக்குப் பதிலாக இதைக் கொட்டிவிட்டு அடுத்த அறுவடையிலேயே பலனை எதிர்பார்க்க முடியாது.