பலகையில் பிசியோ என்று எழுதினால் போதுமா?

வணக்கம். வலை பொத்திக்கொண்டே கேட்கிறவர்களுக்கும், கடல்பாசி எடுக்கப் போய்வந்து இப்போதுதான் உலை வைத்திருக்கும் அக்காமார்களுக்கும், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், அந்தப் பக்கம் பெரியபட்டினம், ஏர்வாடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாக இந்தக் கரையில்தான் வேலை பார்க்கிறேன். ஊரில் கேட்டால் 'கரண்ட் வைக்கிற டாக்டரம்மா' என்று சொல்வார்கள்.

மூட்டுவலிக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று பேசச் சொல்லித்தான் வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்கு வேறு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரை யார் போட்டுக்கொள்ளலாம், யார் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் அது. பேருக்கு என்ன இருக்கிறது, வலி போனால் சரி என்று நினைப்பீர்கள். ஒரு அத்தையின் கதையைக் கேளுங்கள்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற அத்தை. விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு பாறைக்குப் பாறை முங்கி எழுகிறவர். ரொம்ப வருடமாகச் சர்க்கரை. குதிகால் வலி என்று பக்கத்து டவுனில் 'பிசியோதெரபி சென்டர்' என்று பலகை போட்டிருந்த இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த தம்பி முன்பு ஒரு கிளினிக்கில் மெஷினை எடுத்துக் கொடுக்கிற, ஒயரை மாட்டுகிற வேலை பார்த்தவர். பார்த்துப் பார்த்துப் பழகி, தனியாக ஒரு அறை எடுத்துவிட்டார். அத்தையின் பாதத்துக்குக் கீழே சூட்டு ஒத்தடப் பையை வைத்து அரைமணி நேரம் விட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் குதிகால் முழுக்கக் கொப்புளம். அதற்கு இரண்டு நாள் கழித்து அத்தை மறுபடி கடலுக்கும் போய்விட்டார், வலிக்கவில்லையே என்று.

என்னிடம் வந்தபோது அது புண்ணாகி, ஓரம் கறுத்திருந்தது. அத்தை சொன்னதுதான் இன்னும் மனதைப் பிசைகிறது. "அந்தத் தம்பி மேல தப்பு இல்லம்மா, சூடே தெரியலையேன்னு நான்தான் இன்னும் கொஞ்சம் சூடா வைக்கச் சொன்னேன்."

இந்த இடத்தில்தான் விசயம் இருக்கிறது. எங்கள் படிப்பில் சூடு வைக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலேயே ஒன்று கற்றுக்கொடுப்பார்கள். சின்னக் கண்ணாடிக் குழாய் இரண்டு. ஒன்றில் சுடுதண்ணீர், ஒன்றில் குளிர்ந்த தண்ணீர். நோயாளியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒத்தடம் வைக்கப்போகிற இடத்தில் மாற்றி மாற்றித் தொட வேண்டும். எது சூடு, எது குளிர் என்று அவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லவில்லை என்றால் அங்கே சூடு வைக்கவே கூடாது. மொத்தம் இரண்டு நிமிட வேலை. அத்தைக்கு நான் அதைச் செய்து பார்த்தேன். "சூடு... குளிரு... தெரியலையேம்மா, ரெண்டும் தொடுற மாதிரிதான் இருக்கு" என்றார். சர்க்கரை பாதத்து நரம்பை எப்போதோ மரக்கடித்திருந்தது. புண் ஆற நாலு மாதம். நாலு மாதம் கடல் இல்லை, கூலி இல்லை.

அந்தத் தம்பி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். மெஷினைப் போடத் தெரிந்திருந்தது, எப்போது போடக் கூடாது என்று தெரியவில்லை. நாங்கள் நாலரை வருடம் படித்தது பெரும்பாலும் அதற்குத்தான். காலில் மாவுக்கட்டு பிரித்த பிறகு ஒருவருக்கு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, கல்மாதிரி இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைச் சுளுக்கு என்று அழுத்தி வழித்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும், உயிரே போகும். பக்கவாதம் வந்தவரின் விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். இதெல்லாம் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று வலியோடு வாசலில் நிற்கிற ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவருக்குத் தெரிவது பலகை ஒன்றுதான். அதனால்தான் பலகையில் இருக்கிற பெயருக்குச் சட்டக்காவல் வேண்டும் என்கிறேன்.

இது இன்றைக்கு நேற்றுப் பிரச்சினை இல்லை. எங்கள் தொழிலே இந்தப் பிரச்சினையில்தான் பிறந்தது. 1894, லண்டன். மசாஜ் என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே தகாத தொழில் நடத்துகிற வீடுகள் பெருகி, மருத்துவப் பத்திரிகையே எச்சரித்து எழுதுகிற நிலைமை. உண்மையிலேயே நோயாளிகளுக்குக் கைவைத்தியம் செய்துவந்த பெண்களுக்கு வெளியே தலைகாட்ட முடியாத அவமானம். அப்போது செவிலியர்களாக இருந்த நாலு பெண்கள், ரோசலிண்ட் பேஜட், லூசி ராபின்சன், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர், சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டாக்டர் சொல்லாமல் சிகிச்சை செய்யக் கூடாது, ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் கூடாது, பரீட்சை எழுதித் தேறினால்தான் சங்கத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. 1920-இல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. இங்கிலாந்துப் பிசியோதெரபி சங்கம் இன்றைக்கும் அந்த வேரில் நிற்பதுதான்.

சரி, அப்புறம் சட்டம் வந்ததும் எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. அங்கே 1960-இல் சட்டம் போட்டார்கள். அதில் 'அரசுப் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட்' என்ற முழுப் பெயருக்குத்தான் பாதுகாப்பு. முன்னால் இருக்கிற அடைமொழியை விட்டுவிட்டு வெறுமனே 'பிசியோதெரபிஸ்ட்' என்று போட்டுக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்த மாதிரி. நாற்பது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடி, 2003-இல் புதுப் பதிவேடு வந்த பிறகுதான் அந்த ஒற்றைச் சொல்லுக்கும், 'பிசிகல் தெரபிஸ்ட்' என்ற இன்னொரு சொல்லுக்கும் சேர்த்துக் காவல் வந்தது. அயர்லாந்தில் கதை இதைவிடச் சிக்கல். அமெரிக்காவில் பிசிகல் தெரபிஸ்ட் என்றாலும் நம் ஊரில் பிசியோதெரபிஸ்ட் என்றாலும் ஒரே ஆள்தான். அயர்லாந்தில் மட்டும் வேறு படிப்பு படித்த ஒரு கூட்டம் பிசிகல் தெரபிஸ்ட் என்று போட்டுக்கொண்டு வந்ததால், எது எது என்று ஜனங்களுக்குப் புரியாமல், கடைசியில் இரண்டு பெயரையும் ஒரே பதிவேட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு சொல்லைக் காப்பாற்றி, அதன் பங்காளிச் சொல்லை வெளியே விட்டால் காவலே இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லியில் 1997-லும் மகாராஷ்டிரத்தில் 2002-லும் மாநிலச் சட்டம் வந்துவிட்டது. மத்திய அரசு 2007-இல் ஒரு மசோதா கொண்டுவந்து, அது நிறைவேறாமலேயே போயிற்று. கடைசியில் 2021 மார்ச்சில்தான் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. பிசியோதெரபியோடு லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் அதற்குள் வருகின்றன. மத்தியில் ஒரு ஆணையம், மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், அதில் ஒரு பதிவேடு. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அந்தத் தொழில்பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். முதல் தடவை அபராதம், திரும்பவும் செய்தால் சிறைக்கும் இடமுண்டு.

எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியும் பல மாநிலங்கள் வேலையையே ஆரம்பிக்காமல் இருக்க, 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதம் கெடு வைத்து நடைமுறைப்படுத்தச் சொல்ல வேண்டி வந்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நம் கரையில் ஒரு விசைப்படகு டோக்கன் வாங்காமல் கடலுக்குப் போக முடியாது. படகின் நெற்றியில் பதிவு எண் எழுதியிருக்க வேண்டும், எண் இல்லாவிட்டால் மானிய டீசல் கிடையாது. மீன் பிடிக்கப் போகிற படகுக்கு இவ்வளவு என்றால், மனிதனின் முதுகெலும்பைத் தொடுகிற கைக்கு ஒரு எண் கேட்பது அதிகமா?

இடையில் 'டாக்டர்' என்ற சொல்லுக்கு ஒரு சண்டை வந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 8, உலக பிசியோதெரபி தினம். மறுநாளே மத்திய சுகாதாரச் சேவை இயக்குநரகம் பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக் கூடாது என்று கடிதம் அனுப்பியது. அதற்கு மறுநாள் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. எங்கள் ஆட்களுக்கும் மருத்துவர்களுக்கும் பெரிய வாக்குவாதம். நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. நீங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுவது அன்பு, அது எனக்குப் பெருமைதான். ஆனால் அத்தையின் காலைச் சுட்டது 'டாக்டர்' என்ற சொல் இல்லை. 'பிசியோதெரபி' என்ற சொல்தான். முதலில் அதைக் காப்பாற்றுவோம்.

இன்னொன்று. போன வாரம் ஒரு அண்ணன் கேட்டார், "அப்போ எங்க அப்பத்தா சுளுக்கு வழிக்கிறதையும் நிறுத்தச் சொல்வீங்களா?" என்று. இல்லை அண்ணே. பெயருக்கான காவல் என்பது பெயருக்குத்தான். உங்கள் அப்பத்தா தன்னை வேறு யாராகவும் சொல்லிக்கொள்ளவில்லை. நல்லெண்ணெயைக் காய்ச்சித் தடவும்போது அவர் யார் என்பது ஊருக்கே தெரியும், பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி செய்கிறார். தான் படிக்காத படிப்பின் பெயரைப் பலகையில் எழுதி அதற்குக் காசு வாங்குவது வேறு விசயம்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம் வரப்போகிறது. 61 நாள் படகு கரையில் நிற்கும், அப்போதுதான் வருடம் முழுக்க இழுத்த முதுகோடு அண்ணன்மார் கிளம்பி வருவீர்கள். எங்கே போனாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன படித்தீர்கள், பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பா, எந்தக் காலேஜ், பதிவு எண் என்ன? மூன்று மாதச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தால் அது பட்டம் இல்லை. முறையாகப் படித்தவருக்கு இந்தக் கேள்வி கோபத்தைத் தராது. என்னிடம் கேட்டால் நான் சந்தோசமாக எடுத்துக் காட்டுவேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற பிசியோவிடமும் கேட்கலாம், தப்பில்லை. முதுகுவலியோடு திடீரென்று சிறுநீர் போக முடியாமல் ஆனாலோ, உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ எந்தச் சென்டருக்கும் போகாதீர்கள், என்னிடமும் வராதீர்கள், நேராக ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அன்றைக்கே.

அத்தை இப்போது மறுபடி பாசிக்குப் போகிறார். தடித்த ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார், திரும்பி வந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்க்கிறார். போன மாதம் தோள்வலி என்று வந்தவர், நான் ஒத்தடப் பையை எடுத்ததும் தோளைக் காட்டாமல் முதலில் கேட்டார்: "அந்த ரெண்டு குழாய் எங்கம்மா?"

நன்றி, வணக்கம்.