வேலிக்கு ஓணான் சாட்சியா? கம்பெனி காசுல திமிங்கலம் எண்ணுன கதை

வணக்கம் மக்களே. ஒரு எண்ணெய் கம்பெனி கடல்ல வேலை பாக்குது, அங்க திமிங்கலம் இருக்கு, அந்தத் திமிங்கலத்துக்கு ஏதாவது ஆச்சான்னு பாத்துச் சொல்ல ஆள் போடறதும் அதே கம்பெனிதான். இதக் கேட்டதும் "வேலிக்கு ஓணான் சாட்சி, போங்கடா"ன்னு நானும் சொல்லிருப்பேன். ஆனா சகலின் கதைய உக்காந்து படிச்சப்ப, அவ்ளோ சுலபமா தள்ளிவிட முடியலங்க.

[திரையில்: மேப், ஜப்பானுக்கு நேர் வடக்க ஒரு நீளமான தீவு]

சகலின், ரஷ்யாவோட தீவு. அதோட வடகிழக்குக் கரையில, பில்துன் காயலுக்கு வெளிய ஆழம் கம்மியான கடல். மேற்குப் பசிபிக் சாம்பல் திமிங்கலங்க கோடையில சாப்பிட வர்றது இங்கதான். வேட்டையாடியே இந்தக் கூட்டத்த முடிச்சிட்டாங்கன்னு ஒரு காலத்துல நெனச்சாங்க, 2004 வாக்குலகூட நூத்திச் சொச்சம்தான் இருந்துச்சு. சரியா அதே இடத்துக்குப் பக்கத்துலதான் எண்ணெயும் கேஸும். சகலின்-1ங்கற எண்ணெய்த் திட்டத்த நடத்துனது அமெரிக்க எக்ஸானோட கம்பெனி எக்ஸான் நெஃப்டகாஸ், அதுல நம்ம ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கும் 20% பங்கு இருக்கு, அதனால எங்கயோ நடக்கற கதைன்னு முழுசா ஒதுங்கவும் முடியாது.

இது சாப்பிடற விதத்தச் சொல்லிடறேன், பின்னாடி வேணும். கடலடிக்குப் போயி, ஒரு பக்கமா சாஞ்சு படுத்து, சேத்த அப்படியே வாயில உறிஞ்சும். வாயில சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கு, டீ வடிகட்டறாப்ல சேத்தையும் தண்ணியையும் வெளிய தள்ளிட்டு, இறால் குஞ்சு மாதிரி பொடிசா இருக்கறத மட்டும் முழுங்கும். அந்தச் சேறு கலங்கி மேல வரும்போது ப்ளேன்லேர்ந்து பாத்தா தண்ணில பழுப்பா புகை கெளம்புன மாதிரி தெரியும்.

இப்ப 2001, ஆகஸ்ட் செப்டம்பர். எக்ஸான் அங்க சீஸ்மிக் சர்வே பண்ணுது. கப்பலுக்குப் பின்னாடி ஏர்கன்ன (அழுத்தி வச்ச காத்த வெடிக்கிற கருவி) இழுத்துட்டுப் போயி சில செகண்டுக்கு ஒருதடவ தண்ணிக்குள்ள வெடிச்சு, வர்ற எதிரொலிய வச்சு அடியில எண்ணெய் எங்கன்னு பாக்கறது. ஏற்கனவே சில வருஷமா கரையில கலங்கரை விளக்கத்துலேர்ந்து இந்தத் திமிங்கலங்கள எண்ணிட்டிருந்த ரஷ்ய-அமெரிக்கக் குழு, சர்வே நேரத்துல திமிங்கலங்க வழக்கமான எடத்த விட்டு நகந்துடுச்சுன்னு சொல்லுச்சு. கம்பெனி காசுல நடந்த கண்காணிப்போட பேப்பருங்க 2007ல வந்துச்சு. அதுலயும் கொஞ்சம் திமிங்கலம் எடம் மாறுனத மறைக்கல, ஆனா சாப்பாட்டுக்கு பாதிப்பு தெரியலன்னாங்க. எப்படித் தெரியும்? ப்ளேன்லேர்ந்து அந்தச் சேத்துப் புகைய எண்ணுனாங்க.

இங்கதான் நான் நின்னுட்டேன். இதுல பொய் ஒண்ணும் இல்ல, எண்ணுனது நெஜமாவே எண்ணுனதுதான். ஆனா சேறு கெளம்புச்சுன்னா வாய வச்சுதுன்னு அர்த்தம், வயிறு நெறஞ்சுதுன்னு அர்த்தமா? காலிப் பந்தியில கூட கை நனைக்கலாம்ல. காசு குடுக்கறவன் நம்பர மாத்தச் சொல்லவே வேணாம், எத எண்ணனும், எத்தன நாள் எண்ணனும், எது வந்தா "பாதிப்பு"ன்னு சொல்லனும்ங்கறத முன்னாடியே முடிவு பண்ற எடத்துல அவன் இருந்தாப் போதும்.

பக்கத்துலயே சகலின்-2, சகலின் எனர்ஜின்னு வேற கம்பெனி, அப்ப பெரும்பங்கு ஷெல் கையில. இவங்களுக்கு வெளிநாட்டு பேங்க் கடன் வேணும், பேங்குக்காரங்க திமிங்கல விஷயத்துல ஒரு பதில் கேக்கறாங்க (பாசத்துல இல்ல, கடன் கெட்ட பேர் வாங்கிடும்னுதான்). ஐ.யூ.சி.என்.னு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒண்ணு, அது ஆள் தேர்ந்தெடுத்து ஒரு நிபுணர் குழு போட்டுச்சு, அதோட அறிக்கை 2005ல வந்துச்சு, அப்புறம் கடலடி பைப்லைன 20 கிலோமீட்டர் தெக்கால நகத்துனாங்க. கடல்ல நிக்கற எண்ணெய் எடுக்கற பிளாட்ஃபார்ம மட்டும் நகத்தல, அது அங்கயேதான். 2006ல ஒரு நிரந்தரக் குழு போட்டாங்க. காசு கம்பெனியோடது, ஆனா ஆள் தேர்வு ஐ.யூ.சி.என். கையில, அறிக்கை பொதுவுல, குழு சொன்ன யோசனைய கம்பெனி ஏத்துக்கலன்னா அதுவும் எழுத்துல நின்னுச்சு. திமிங்கலத்தோட ஒடம்புல இருக்கற தழும்பையும் வெள்ளத் திட்டையும் ஃபோட்டோ புடிச்சு ஒவ்வொண்ணையும் தனித்தனியா அடையாளம் வைப்பாங்க, கம்பெனி டீமோட ஆல்பமும் தனி டீமோட ஆல்பமும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாத்தாங்க. ஒரே திமிங்கலத்த ரெண்டு தடவ எண்ணிருந்தா அதுல மாட்டிக்கும்.

2009ல குழு வேணாம்னு சொன்னதால சகலின் எனர்ஜி அந்த வருஷ சீஸ்மிக் சர்வேய தள்ளிப்போட்டு, 2010ல கட்டுப்பாடுகளோட பண்ணுச்சு. எக்ஸான் கடைசி வரைக்கும் இந்தக் குழுவுல சேரவேயில்ல. அதே 2010 கோடையில ரஷ்ய அரசு எண்ணெய் கம்பெனி ரோஸ்நெஃப்ட் பக்கத்துலயே தனியா ஒரு சர்வே நடத்துச்சு. கட்டுப்படறவன் ஒருத்தன், கட்டுப்படாதவன் ரெண்டு பேர், காதுல சத்தம் விழற திமிங்கலத்துக்கு எந்தக் கம்பெனின்னு தெரியவா போகுது.

இப்ப நம்மூருக்கு வாங்க. மத்திய அரசோட 2006 அறிவிக்கைப்படி இ.ஐ.ஏ. ரிப்போர்ட்டு, அதாவது ஒரு திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும்னு சொல்ற ரிப்போர்ட்டு, எழுதற கன்சல்டன்ட்டுக்கு சம்பளம் குடுக்கறது திட்டக்காரர்தான். அங்கீகாரம் வாங்குன கன்சல்டன்ட்டா இருக்கனும், சரி, ஆனா ஆளப் புடிக்கறது யாரு? அதே திட்டக்காரர். நெறைய திட்டத்துக்கு மழைக்காலம் இல்லாத ஒரு சீசன் டேட்டா இருந்தாலே போதும். மழையில கத்தற தவளைய, வலசை வர்ற பறவைய மூணு மாசத்துல எங்கேர்ந்து பாப்பாங்க? ரிப்போர்ட்டுல "அரிய உயிரினம் எதுவும் காணப்படவில்லை"ன்னு ஒரு வரி இருக்கும், அதுவும் உண்மைதான், அவங்க போன மாசத்துல காணப்படல.

உங்க ஊர்ல கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தா தமிழ்ல ஒரு சுருக்கம் குடுப்பாங்க. அத மட்டும் படிச்சிட்டு வராதீங்க. இங்கிலீஷ்ல இருக்கற முழு ரிப்போர்ட்டக் கேட்டு வாங்கி, கடைசில இருக்கற இணைப்புக்குப் போயி, எந்தத் தேதில போனாங்க, காலையிலயா மத்தியானமா, எத்தன பேரு, எவ்ளோ தூரம் நடந்தாங்கன்னு தேடுங்க. இருந்தா கேள்வி கேக்கலாம். இல்லன்னா, அதையே மைக்குல கேளுங்க.